குற்றாலிங்கம் வீட்டுக்குப் பொருத்தமான பறவை

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, தண்டவாளத்தைத் தாண்டி, முப்பிடாதி காலனி என்று ஒன்று உண்டு. தேடிப் பார்த்தோம், அப்படி ஒன்றும் இல்லையே என்று என்னிடம் வந்து சண்டை பிடிக்கிறவர்கள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போனவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தக் காலனியில் யாரும் கடைக்குப் போய்ப் பறவை வாங்குவதில்லை. பறவைதான் வீடு பார்க்க வரும். பெண் பார்க்க வருகிற மாதிரி நல்ல நேரம் பார்த்து, பறவைக்காரி செண்பகவடிவு கூண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வருவாள். வீட்டுக்காரர்கள் வாசல் தெளித்து, ஒரு தட்டில் தினையும் நறுக்கின கொய்யாவும், இன்னொரு தட்டில் செண்பகவடிவுக்குக் கேசரியும் வைத்துவிட்டு, மூத்த மருமகளை இதற்கென்றே நல்ல சேலை கட்டச் சொல்லிக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் உட்கார்ந்ததும் கேள்வி ஆரம்பமாகும். மத்தியானம் வீட்டில் யார் இருப்பீர்கள்? வெயில் எந்த ஜன்னலில் விழும்? அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் கதவு உண்டா? சண்டை வந்தால் கத்துகிற வீடா, பேசாமல் இருக்கிற வீடா? பதிலைக் கேட்டுக்கொண்டே கூரையைப் பார்ப்பாள், மின்விசிறியைப் பார்ப்பாள், எதிர்வீட்டுப் பூனையைப் பார்ப்பாள். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு ஜோடி லவ் பேர்ட்ஸ். அதுகளே சண்டை போட்டு அதுகளே சமாதானமாகிக்கொள்ளும், மனுசத் துணை வேண்டாம். பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேச ஆளில்லாமல் பேப்பரில் வந்த டெண்டர் விளம்பரத்தைக்கூட வாய்விட்டு வாசிக்கிற பெரியவருக்கு, விசிலடித்தால் பதில் விசிலடிக்கிற காக்கட்டீல் கிளி. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குச் சத்தம் போடாத குட்டிச் சிட்டு. அடுப்படிக்குக் கதவு இல்லாத வீட்டுக்கு எதையும் தரமாட்டாள். ஒட்டாத தோசைக்கல் வெறுமனே காய்ந்து ஒரு புகை வந்தால் போதும், பறவை மூச்சுத் திணறிக் கவிழ்ந்துவிடும் என்பாள். நம்மூர்ப் பச்சைக்கிளி வேண்டும் என்று யாராவது வாயெடுத்தால், "அதுக்கு வனத்துறையில போய்க் கேளுங்க, நல்லா கவனிப்பாக" என்று எழுந்துவிடுவாள்.

கேள்வி முடிந்து கூண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், பறவை தினையைக் கொத்த வேண்டும். கொத்திவிட்டால் சம்மதம். வீட்டுத் தலைவர் நிலைப்படியில் வலது கையை வைத்து, நாலு பேர் கேட்கப் பறவையைப் பார்த்து, "இனி இந்த வீடு உன் இஷ்டம்" என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்வார்கள். வந்த விருந்தாளியிடம் உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க என்று சொல்வதில்லையா, அப்படி. எந்த விருந்தாளியும் அதை நம்பிப் பீரோவைத் திறந்ததில்லை, எந்தப் பறவையும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டதில்லை. அதற்குப் பிறகு செண்பகவடிவு பலகாரத்தோடு மறுவீடு வந்து, "பழகிட்டு" என்று சொல்கிற வரை, அந்தக் கூண்டுக் கதவில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. இதில் மட்டும் காலனி ரொம்பக் கண்டிப்பு. தட்டைப் பார்த்துப் பறவை முதுகைக் காட்டிவிட்டாலோ, அது பறவை திரும்பின வீடு. அந்த வீட்டில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் தெருமுனையிலேயே பைக்கைத் திருப்பிவிடுவார்கள்.

குற்றாலிங்கம் வீடு பறவை திரும்பின வீடு.

அவர் சர்வேயர். தாலுகாவில் அவர் சங்கிலி விழாத நிலம் கிடையாது. காலனிக்காரர்கள் ஒவ்வொருத்தருடைய காம்பவுண்டுச் சுவரும் ஒரு சாணாவது தப்பான இடத்தில் நிற்கிறது என்று அளந்து காட்டி, அந்தச் சாணை அவரவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்து, கிழக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம் என்று தன் வீட்டைப் பருக்க வைத்தவர். ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருப்பார். காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுவார், சாயங்காலம் வந்து திறப்பார். உள்ளே ஆவுடை இருந்தாள். ஆவுடை அவருடைய மனைவி. செண்பகவடிவின் கூடப் பிறந்த தங்கை. ஒரே தெருவில் வாழ்ந்தும், அக்காளும் தங்கையும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கக் கோயில் கொடைத் திருவிழா வர வேண்டும்.

ஆவுடைக்கு இளைப்பு உண்டு. ஒரு வெயில் நாளில் அவள் அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். குற்றாலிங்கம் வாசலில் நின்று அழுது, "உள்ள தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டாளே, நான் உடைச்சுத் திறக்கும்படி ஆயிட்டே" என்று எல்லாரிடமும் சொன்னார். உடைந்த கொண்டியையும் காட்டினார். ஊர் நம்பியது. செண்பகவடிவு மட்டும் தங்கையைக் குளிப்பாட்டும்போது அவள் கைகளைப் பார்த்தாள். விரல் முட்டிகள் எல்லாம் தோல் உரிந்து கிடந்தன. தானாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவள் கதவை எதற்கு அப்படித் தட்ட வேண்டும்? போலீசில் போய்ச் சொன்னாள். அங்கே இருந்தவர் பேனாவைக்கூட மூடி போட்டே வைத்திருந்தார். அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. தெருவே கேட்க, அந்த மனுசன் தன் வாயால், நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆவுடை போன பிறகு அந்த வீட்டைப் பார்க்க வந்த பறவைகள் எல்லாம் முதுகைக் காட்டின. குற்றாலிங்கத்துக்கு முதலில் அது ஒரு பொருட்டாக இல்லை. பிறகு அம்பாசமுத்திரத்திலிருந்து மங்கையர்க்கரசியை இரண்டாம் தாரமாகக் கட்டி வந்தார். சின்னப் பெண், சிரித்தால் பக்கத்து வீடு வரை கேட்கும், அதனாலேயே வந்த வாரத்தில் கறுப்புக் காகிதத்துக்கு மேல் இன்னொரு காகிதம் ஒட்டப்பட்டது. பெண் வீட்டார் காதில் பறவை விஷயம் விழுந்துவிட்டது. மங்கையின் சித்தி நடு வீட்டில் நின்று, "பறவையே ஒப்பாத வீட்ல எங்க பிள்ளைய எப்படி விட்டுட்டுப் போக?" என்று கேட்டுவிட்டாள். சர்வேயருக்கு மானப் பிரச்சினை. கிளம்பிவிட்டார் செண்பகவடிவின் பறவைக் கடைக்கு.

"மைனி, சௌக்கியமா?"

"இருக்கேன் மாப்பிள்ளை. உக்காருங்க. ஸ்டூல்ல எச்சம் கிடக்கு, பாத்து."

அவர் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். "பழசை மனசுல வச்சுக்கிட்டு இருக்காதீங்க. விதி. உள்ள தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டா நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

செண்பகவடிவு கூண்டுத் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "பறவை எப்படி இருக்கணும்?"

"சத்தம் கூடாது. ஆள் வந்தா காட்டிக்கிடக் கூடாது. வெளிய போகணும்ங்கிற நெனப்பே இருக்கக் கூடாது. வீட்ல இருக்கிறவளுக்கு ஒரு துணை. அவ வேற துணை தேடிரக் கூடாதுல்லா."

"ஜன்னல் திறப்பீங்களா?"

"எதுக்கு?"

"கதவு?"

"நான் வந்தா திறக்கும்."

"சரிதான்" என்றாள் செண்பகவடிவு. சுரண்டுவதை நிறுத்தி, அவரை ஒருதரம் கூரையைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "உங்க வீட்டுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன்."

அந்தப் பறவை கைக்குள் அடங்குகிற அளவு, சாம்பல் நிறம், கண் மட்டும் கறுப்பு மிளகு. தோணியில் இலங்கையிலிருந்து வந்தது என்று மீன் விற்கிறவர்கள் சொன்னார்கள். ஆவுடையின் தலையணையைப் பிரித்தபோது பஞ்சுக்குள் ஒரு முட்டை இருந்தது, அதை அக்காள் தன் முந்தானையில் முடிந்து வைத்துப் பொரிக்க வைத்தாள் என்று பெண்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டு கதையும் பிடிக்கும், கேட்கிறவர் முகத்தைப் பார்த்து ஒன்றைச் சொல்வேன். நமக்கு முக்கியம், அது நல்ல நாளில் வீடு பார்க்க வந்தது, காலனி முழுக்க வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, சாம்பல் பறவை வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தது, மங்கையைப் பார்த்தது, குற்றாலிங்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது, பிறகு குனிந்து தினையைக் கொத்தியது.

கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள். குற்றாலிங்கத்துக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. நிலைப்படியில் கையை வைத்து, "இனி இந்த வீடு உன் இஷ்டம்" என்றார். ஒருதரம் சொன்னால் போதும். அவர் மங்கையின் சித்திக்குக் கேட்க வேண்டும் என்று மறுபடி சொன்னார், பக்கத்து வீட்டாருக்கு எரியட்டும் என்று மறுபடியும் சொன்னார். செண்பகவடிவு கேசரியைத் தொடாமல், வெற்றுக் கூண்டை எடுத்துக்கொண்டு போனாள். கூண்டு வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு, "இதுக்குத் தேவைப்படாது மாப்பிள்ளை" என்றாள்.

மறுநாள் காலையில் குற்றாலிங்கம் வழக்கம்போல் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். வெயில் ஏறினதும் ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதங்கள், கோழி இறகு உதிர்க்கிற மாதிரி, ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுந்தன. அதற்குப் பின்னால் இருந்த கண்ணாடி, கண்ணாடியாக இருப்பதில் அலுத்துப்போய், மெல்லிய கம்பி கம்பியாகப் பிரிந்து நின்றது. சாம்பல் பறவை ஒரு கம்பி இடுக்கால் வெளியே போய், மின்கம்பத்தில் உட்கார்ந்து சிறகைக் கோதிவிட்டு, இன்னொரு இடுக்கால் உள்ளே வந்தது. மங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். கீரைக்காரி வந்தாள்.

"புதுப் பெண்ணா? அரைக்கீரை இருக்கு, சிறுகீரை இருக்கு."

"எனக்குக் கீரை வேண்டாம் அக்கா. சும்மா ஏதாவது பேசிக்கிட்டு நில்லுங்களேன்" என்றாள் மங்கை. கீரைக்காரி கூடையை இறக்கிவைத்து, தன் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தாள். மாமியார் அவ்வளவு சீக்கிரம் முடிகிற ஆள் இல்லை, கீரை வாடிவிட்டது.

சாயங்காலம் வந்த சர்வேயர் ஜன்னலுக்குப் பலகை அடித்தார். காலையில் பார்த்தால் பலகைகள் உருண்டு திரண்டு, பறவை உட்கார்கிற குறுக்குக் குச்சிகளாக, சுவருக்குச் சுவர் நின்றன. மூலைகள் மழுங்கின. கூரை நடுவில் தூக்கிக்கொண்டு, கவிழ்த்த பானை மாதிரி வளைந்து, உச்சியில் ஒரு கொக்கி முளைத்தது. தரை ஒருநாள் தன்பாட்டில் முன்பக்கமாக ஒரு விரற்கடை வெளியே வந்தது, சுத்தம் பண்ண இழுக்கிற தட்டைப் போல. அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அளக்கிற ஒவ்வொரு தடவையும் வீடு கொஞ்சம் சின்னதாக இருந்தது. வாசல் கதவு இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பக்கவாட்டில் திறக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, மேலே தூக்கினால் திறக்கிற பழக்கத்துக்கு வந்துவிட்டது, அதுவும் வெளியிலிருந்து மட்டும்.

காலனிக்காரர்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. இனி உன் இஷ்டம் என்று சொன்னார், பறவை இஷ்டப்படுகிறது, இதில் வாய் பிளக்க என்ன இருக்கிறது? வீட்டு வரிக்காரர் வந்து, இதை வீடு என்று எடுத்துக்கொள்வதா கூண்டு என்று எடுத்துக்கொள்வதா என்று யோசித்து, தலையைச் சொறிந்து, ரெண்டுக்கும் பாதிப் பாதி என்று தீர்ப்புச் சொன்னார். வாஸ்து பார்க்கிறவர் வந்து, வட்ட வீட்டுக்குக் கன்னிமூலையே கிடையாது, ஆகையால் தோஷமும் கிடையாது, கொடுத்துவைத்த மனுசன் என்று சொல்லி ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். வீடு உள்வாங்க உள்வாங்கச் சுற்றிலும் இடம் ஒழிந்தது. கிழக்கு வீட்டுக்காரர் வந்து அந்த இடத்தில் ஒரு முருங்கைக் கம்பை ஊன்றினார். மேற்கு வீட்டம்மா துணி காயப்போடக் கயிறு கட்டினாள். சர்வேயர் கம்பி வழியாக நாடாவை நீட்டிக்கொண்டு கத்தினார்:

"வே! என் எல்லைக்குள்ள வந்துட்டீரு!"

"நாங்க எங்க அண்ணாச்சி வந்தோம்? நாங்க நிக்கிற இடத்துலதான் நிக்கோம். உங்க வீடுல்லா உள்ள போகுது" என்றார் கிழக்கு வீட்டுக்காரர், கம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

இதில் கலங்கியவள் செண்பகவடிவு ஒருத்திதான். வீடு இத்தனை வேகமாகச் சுருங்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. உள்ளே மங்கை இருக்கிறாள். இன்னொரு பெண் அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டினால், அதற்குப் பிறகு அவள் யாரைப் பழி வாங்குவது, தன்னையா? மறுவீட்டுக்கு நாள் நிறைய இருந்தது. அவள் நாளைப் பார்க்கவில்லை. அடுப்பில் இருந்த அதிரசத்தைப் பாதி வேக்காட்டில் எடுத்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, தலையைக்கூட முடியாமல் தெருவில் ஓடிவந்தாள். அவள் ஓடுகிறதைப் பார்த்துக் காலனியும் பின்னால் ஓடியது.

அவள் கதவைத் தூக்கிப் பிடித்தாள். "மங்கை, வெளிய வாம்மா."

குற்றாலிங்கம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார். "எங்க போற? நான் சொல்லாம எங்க போற?"

"மறுவீடு வந்திருக்காக, பலகாரத்தை வாங்க வேண்டாமா? கையை விடுங்க" என்றாள் மங்கை. அவர் விடவில்லை. குச்சியில் உட்கார்ந்திருந்த சாம்பல் பறவை அவர் விரல் முட்டியில், தினையைக் கொத்துகிற அதே நிதானத்தில், ஒரு கொத்துக் கொத்தியது. கை விட்டுப்போனது. மங்கை தரையோடு தரையாகக் குனிந்து, முழங்கையும் முழங்காலும் தேய, தவழ்ந்து வெளியே வந்தாள். வந்ததும் எழுந்து நின்று, சேலையைத் தட்டிவிட்டு, தூக்குவாளியைத் திறந்து ஒரு அதிரசத்தை வாயில் போட்டு, "வேகலை அக்கா" என்று சொல்லி, பக்கத்து வீடு வரை கேட்கச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

செண்பகவடிவு இன்னமும் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "நீங்களும் வாறீங்களா மாப்பிள்ளை? குனிஞ்சா வந்துரலாம்."

அவர் வெளியே பார்த்தார். காலனி முழுக்க நின்றது. முருங்கைக் கம்புக்காரர் நின்றார், கயிறு கட்டினவள் நின்றாள், கீரைக்காரி நின்றாள். "இத்தனை பேர் பாக்க நான் தவழ்ந்து வரணுமா? ஆளு தெரியாம பேசுதீங்க. கதவை நான் சரி பண்ணி, நிமிர்ந்து வருவேன்" என்றார்.

"உங்க இஷ்டம்" என்று சொல்லிக் கதவை விட்டாள் செண்பகவடிவு. அது சறுக்கி விழுந்து, டக்கென்று உட்கார்ந்தது. மறுநாள் காலையில் அந்தக் கதவில் ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான் இடம் இருந்தது.

இதற்கு மேல் காலனி என்ன செய்யும்? சங்கத் தலைவர் வேலாயுதப்பெருமாள் கூட்டம் போட்டார். கூண்டைத் திறக்கலாமா என்று பேச்சு வந்தபோது, மறுவீடு வந்தவள் இன்னும் "பழகிட்டு" என்று சொல்லவில்லையே, முறை என்று ஒன்று இருக்கிறதே என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சாண் சாணாக நிலம் போனவர்களுடைய குரல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. ஆளுக்கொரு நாள் சோறு என்று முறை வைத்தார்கள். குறை சொல்லக் கூடாது, பட்டினி போடவில்லை. நாகர்கோவிலிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வேன் பிடித்து ஜனங்கள் வந்தார்கள். இளநீர் வண்டி வந்தது, பஞ்சுமிட்டாய் வந்தது. கணக்கு வாத்தியார் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிவந்து வட்டத்தின் சுற்றளவைக் காட்டிக்கொடுத்தார். சர்வேயர் உள்ளிருந்து அவர் கணக்கில் பிழை கண்டுபிடித்துத் திருத்தினார். அன்றைக்கு ஒருநாள்தான் அவர் முகத்தில் களை இருந்தது. பறவை அந்த வீட்டையே மறந்துவிட்டது. மங்கை செண்பகவடிவின் கடையில் தங்கி, கூண்டை இடுப்பில் வைத்து வீடு வீடாகப் போகக் கற்றுக்கொண்டாள். சாம்பல் பறவை அவள் தோளில் போகும், வரும்.

சாயங்காலம் ஆனால் செண்பகவடிவு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து கம்பிக்கு முன்னால் போட்டு உட்காருவாள். பறவைக்குப் பேச்சுப் பழக்குகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள்: ஒரே நேரம், ஒரே முகம், ஒரே வார்த்தை.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை."

முதலில் அவர் மிரட்டினார். கலெக்டரைத் தெரியும் என்றார், உன் கடை நிற்கிற இடம் புறம்போக்கு என்றார். பிறகு கெஞ்சினார். மைனி மைனி என்று காலனி கேட்க அழுதார். "அவளா தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டா" என்று மட்டும் மாறாமல் சொன்னார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் செண்பகவடிவு, "பாடம் வரலையே" என்று எழுந்து, கல்யாணப் பந்தலுக்குப் போடுகிற கெட்டித் துணியை, சூரியன் நிற்கும்போதே, கூண்டுக்கு மேல் சுற்றி இழுத்துவிடுவாள். பறவையைத் தூங்கவைக்க அப்படித்தான் மூட வேண்டும்.

"மைனி, இருட்டா இருக்கு."

"ஆமா."

"மூச்சு முட்டுது மைனி."

"முட்டும்" என்பாள் செண்பகவடிவு. துணிக்கு இந்தப் பக்கம் நின்று, அது முட்டுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு போவாள். அவள் போகும்போது முகத்தில் இரக்கம் இருந்ததா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நான் எத்தனையோ விஷயத்தைக் கூட்டிச் சொல்வேன். இல்லாத அதை மட்டும் கூட்ட மாட்டேன்.

வைகாசி வெயிலில் ஒரு சாயங்காலம் அவள் துணியை எடுத்து உதறியபோது, அவர் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை, தெரு நிறைய ஆள், வேன் வந்து நின்றிருந்தது. இளநீர்க்காரர் வெட்டுகிற கையை அப்படியே நிறுத்தினார்.

"வெளியதான் பூட்டினேன். என்னைக்கும் போலத்தான். மருந்து தீந்துட்டுன்னு காலையிலேயே சொன்னா. சாயங்காலம் வாங்கிட்டு வாரேன்னேன். போனை நான்தான் எடுத்துட்டுப் போனேன், யார்கிட்ட பேசுதாளோன்னு. வந்து திறந்தா, கதவை ஒட்டிக் கிடந்தா. பூட்டைப் பைக்குள்ள போட்டேன். தாழ்ப்பாக் கொண்டியைக் கடப்பாரையால நெம்பி நானே உடைச்சேன். கதவுல ரத்தம் இருந்துச்சு. அவ தட்டின இடம். ஈரத் துணி எடுத்துத் துடைச்சேன். அதுக்கப்புறம்தான் உங்களையெல்லாம் கூப்பிட்டேன்."

பஞ்சுமிட்டாய் வண்டியின் மணிகூட அடிக்கவில்லை. முருங்கைக் கம்புக்காரர், அன்றைக்கு உடைந்த கொண்டியைக் கையில் வாங்கிப் பார்த்து உச்சுக் கொட்டினவர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலாயுதப்பெருமாள்தான் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா வடிவு, சொல்லிட்டாருல்லா. உனக்கு வேண்டியது இதுதானே? திறந்துவிட்டுரு. போலீஸ்ல கொண்டு விட்டுருவோம். அங்க போய்ச் சொல்லட்டும்."

"அங்க நான் சொன்னது யாருக்கும் கேக்கலை அண்ணாச்சி" என்றாள் செண்பகவடிவு. "இங்கன்னா எல்லாருக்கும் கேக்குது."

குற்றாலிங்கம் கதவு இடுக்கால் கையை வெளியே நீட்டி வைத்திருந்தார். சொல்லிவிட்டோம், திறக்கப் போகிறாள் என்று அந்தக் கை நம்பியது. விரல்கள் ஒவ்வொன்றும் நம்பியது. செண்பகவடிவு எழுந்தாள். கதவுப் பக்கம் போனாள். அவள் கை கதவின் மேல் போய் நின்றது. காலனி பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து மங்கை குரல் கொடுத்தாள்.

"அக்கா, அந்தக் கதவைத் துடைச்ச இடம் எனக்குச் சரியாக் கேக்கலை. மெதுவாச் சொல்லிட்டாரு."

"ஆமா, கேக்கலை" என்றாள் கீரைக்காரி.

"எங்களுக்கும் கேக்கலைம்மா, நாங்க இப்பத்தான் வேனை விட்டு இறங்கினோம்" என்றார்கள் கோவில்பட்டிக்காரர்கள்.

செண்பகவடிவு கதவிலிருந்து கையை எடுத்தாள். மடியிலிருந்து ஒரு நிலக்கடலையை எடுத்து, உடைத்து, நீட்டியிருந்த அந்தக் கையில் பருப்பை வைத்தாள்.

"நல்லா வந்துட்டு மாப்பிள்ளை. நடுவுல மட்டும் கொஞ்சம் திணறுது. இன்னொரு தரம். மொதல்ல இருந்து."

வேனில் வந்தவர்கள் நெருங்கி வந்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். குற்றாலிங்கம் கையை உள்ளே இழுத்து, கடலைப் பருப்பை மென்று விழுங்கினார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டு, "வெளியதான் பூட்டினேன்" என்று ஆரம்பித்தார்.